முத்ரா லோன் ஓகேன்னு மெயில் வந்திருக்கு, 6,300 ரூபா கட்டச் சொல்றாங்க. கட்டலாமா?

கடலோரக்காரன், காசிமேடு

எல்லாருக்கும் வணக்கம். அவசரமா ஒரு விஷயம் கேட்கணும். இன்னைக்கு சாயங்காலம் 5 மணிக்குள்ள யாராவது பதில் சொன்னா பெரிய உதவியா இருக்கும்.

எங்கப்பா விசைப்படகுல கூலிக்குப் போறவர். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் போட்டெல்லாம் கரையில கட்டிக் கிடக்கும். எத்தனை வருஷத்துக்குத் தான் அடுத்தவன் போட்டுல போறது, பழசா இருந்தாலும் சொந்தமா ஒரு பைபர் படகை இன்ஜினோட வாங்கிடணும்னு அவருக்கு ரொம்ப நாள் ஆசை. திருவொற்றியூர் குப்பத்துல ஒருத்தர் 3 லட்சத்துக்குத் தர்றேன்னு சொல்லியிருக்கார்.

போன வாரம் பேஸ்புக்ல, சின்னத் தொழிலுக்கு அரசு திட்டத்துல கிடைக்கிற முத்ரா லோன், சிபில் (பழைய கடனை ஒழுங்காக் கட்டினோமான்னு பார்க்கிற மார்க்) தேவையில்ல, அரை மணி நேரத்துல அப்ரூவல்னு ஒரு விளம்பரம் வந்துச்சு. நான் தான் அப்பா பேரு, போன் நம்பர், மெயில், பான் நம்பர் எல்லாம் போட்டுக் கொடுத்தேன். ரெண்டே நாள்ல மெயில் வந்துடுச்சு. மேல சிங்கத் தலை முத்திரை, பக்கத்துல ஒரு பெரிய பேங்க் லோகோ, கீழ ரவுண்ட் சீல், மேனேஜர் கையெழுத்து. பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். "சிசு திட்டத்தின் கீழ் தங்களுக்கு ரூ. 3,00,000 அனுமதிக்கப்பட்டுள்ளது. வட்டி 2%. தவணை 60 மாதம். மாதத் தவணை ரூ. 4,150"ன்னு போட்டிருக்கு. இன்சூரன்ஸ் கட்டணமா 6,300 கட்டணுமாம், லோன் பணத்தோட அதுவும் திரும்ப வந்துடுமாம். 5 மணிக்குள்ள கட்டலன்னா பைலை மூடிடுவாங்களாம்.

வாட்ஸ்அப்ல ஒரு சார் பேசுறார். ஐடி கார்டு போட்டோ அனுப்பியிருக்கார். அப்பாவை ஐயா ஐயான்னு தான் கூப்பிடுறார். இது தான் கடைசி, இதுக்கு மேல ஒரு பைசா கேட்க மாட்டோம்னு சத்தியம் பண்றார்.

எனக்கு மனசுக்குள்ள என்னவோ உறுத்துது. அப்பாவுக்கு கொஞ்சம் கூட சந்தேகம் இல்ல. கவர்மெண்ட் முத்திரையே போட்டிருக்கான், அதைப் போய் பொய்ன்றியான்னு கேட்கிறார். என்ன சொல்லிப் புரிய வைக்கிறதுன்னு தெரியல.

எம்சி ரோடு ஜவுளி

தம்பி, ப்ராசஸிங் பீஸ் வாங்காம எந்த பேங்க் லோன் கொடுக்குது? நான் போன வருஷம் வீட்டு லோனுக்கு அப்ளை பண்ணப்போ, லோன் வர்றதுக்கு முன்னாடியே பணம் கட்டினேன். 3 லட்சத்துக்கு 6,300 பெரிய தொகை இல்ல. மெயில்ல லெட்டர் வந்திருக்குன்னா சரியா தான் இருக்கும். கட்டிட்டு ரசீது வாங்கி வெச்சுக்கோங்க.

ஜெராக்ஸ் அக்கா, பழைய வண்ணாரப்பேட்டை

தம்பி, கட்டாதே. மீதியை அப்புறம் பேசுவோம், முதல்ல அப்பா கையில இருந்து போனை வாங்கி வை. 5 மணி தாண்டினா எந்த பைலும் மூடாது. நாளைக்குக் காலைல அதே ஆள் அதே ஐயாவோட கூப்பிடுவான்.

நீ எழுதினதுல ஒரு வரி எனக்கு சரியாப் படல. "இது தான் கடைசி"ன்னு அவன் சொல்றான்னா, முதல்னு ஒன்னு இருக்கணுமே? ஏற்கெனவே ஏதாவது அனுப்பியாச்சா? அனுப்பியிருந்தா மறைக்காதே. இங்க யாரும் உன்னைத் திட்ட மாட்டாங்க. அனுப்பியிருந்தா உடனே செய்ய வேண்டிய வேலை வேற.

நான் இங்க பதினோரு வருஷமா ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட் கடை வெச்சிருக்கேன். ஏன் இவ்வளவு உறுதியா சொல்றேன்னு நீ தெரிஞ்சுக்கணும்.

எங்க தெரு முனையில ஒரு அக்கா இட்லி போட்டு விக்கிறவங்க. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு மெயிலைக் கொண்டு வந்து பிரிண்ட் போடச் சொன்னாங்க. லோன் லெட்டர். கையெழுத்து போட்டு ஸ்கேன் பண்ணித் திருப்பி அனுப்பணும்னு சொன்னாங்க. கடையில கூட்டம், நான் படிச்சுக் கூடப் பார்க்கல. பிரிண்ட் போட்டேன், ஸ்கேன் பண்ணேன், அனுப்பிட்டேன். நாலு நாள் கழிச்சு மறுபடி வந்தாங்க, வேற ஒரு தாள். அப்புறம் மறுபடி. ரிஜிஸ்ட்ரேஷன்னு 1,999. இன்சூரன்ஸ்னு 4,500. ஜிஎஸ்டின்னு 3,600. தடையில்லாச் சான்றுன்னு 6,200. கடைசியா பணம் ரிலீஸ் பண்றதுக்குன்னு 7,000. மொத்தம் 23,299 ரூபா. அஞ்சு தடவையும் நான் தான் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அஞ்சாவது தாளை வாங்கும்போது அந்த அக்கா கையில இட்லி மாவு காய்ஞ்சிருந்துச்சு, வேலையைப் பாதியில விட்டுட்டு ஓடி வந்திருக்காங்க. அன்னைக்குத் தான் நான் தாளைப் படிச்சேன். முதல் நாளே ஒரு நிமிஷம் படிச்சிருந்தா 23,000 ரூபா அவங்க கிட்ட இருந்திருக்கும்.

அதிலிருந்து என் கடைக்கு லோன் லெட்டர்னு எது வந்தாலும் படிக்காம மிஷினை ஆன் பண்றதில்ல. கோவிச்சுக்கினு போனவங்களும் இருக்காங்க. பரவாயில்ல.

அவன் எப்படி ஏத்துறான்னு பாரு. முதல் தொகை சின்னதா இருக்கும், போனாலும் போகட்டும்னு தோணுற அளவு. ரெண்டாவது கேட்கும்போது, இதைக் கட்டலன்னா முதல்ல கட்டினதும் போயிடுமேன்ற பயம் நமக்கு வந்துடும். அந்தப் பயத்தை வெச்சுத் தான் மூணாவது, நாலாவது. அந்த அக்கா லோனுக்காக முதல் தடவை மட்டும் தான் கட்டினாங்க. மீதி நாலு தடவையும் விட்ட காசைப் பிடிக்கக் கட்டினது.

இப்போ லெட்டருக்கு வர்றேன். உங்க அப்பா முத்திரையை நம்புறார் இல்ல, முத்திரையையே பேசலாம். அந்த இட்லிக்கார அக்கா லெட்டர் ஒன்னு என்கிட்ட இருக்கு. மூணு மாசம் கழிச்சு கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு ஆட்டோ அண்ணன் லெட்டர் கொண்டு வந்தார். அதுல வேற பேங்க் பேரு, வேற ஊர் கிளை. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். ஒரே ரவுண்ட் சீல். ஒரே கையெழுத்து. கடிகாரம் மாதிரி பார்த்தா, சீல்ல மூணு மணி இருக்கிற இடத்துல இங்க் கொஞ்சம் அழிஞ்சிருக்கு. ரெண்டு லெட்டர்லயும் அதே இடம், அதே அளவு. கையால குத்துற சீல் ஒரு தடவை விழுந்த மாதிரி இன்னொரு தடவை விழாது. நான் தினம் பத்து அட்டெஸ்டேஷன் சீல் பார்க்கிறேன், ஒன்னு சாய்ஞ்சிருக்கும், ஒன்னு பாதி தான் விழுந்திருக்கும். இது ஒரு படம், அவ்வளவு தான். எல்லா லெட்டர்லயும் அதே படத்தை ஒட்டுறான்.

இன்னொன்னு, உங்க அப்பா பேரு இருக்கிற வரியை நல்லா பெருசு பண்ணிப் பாரு. மத்த எழுத்து ஒரு கனமாவும் பேரு மட்டும் வேற கனமாவும் இருக்கும். பேருக்குக் கீழ லேசா ஒரு வெள்ளைக் கட்டம் தெரியும். போன்ல பெருசு பண்ணாமப் பார்த்தா தெரியாது, தாள்ல பிரிண்ட் போட்டா பளிச்சுன்னு தெரியும். பழைய பேரை வெள்ளையால மறைச்சுட்டு மேல உங்க பேரை எழுதியிருக்கான்.

அப்புறம் ஒரு கணக்கு. 4,150-ஐ 60-ஆல பெருக்கு. 2,49,000 வரும். 3 லட்சம் வாங்கிட்டு, வட்டியும் சேர்த்து 2,49,000 திருப்பிக் கட்டினா போதும்னு எந்த பேங்க் சொல்லும்? இதை உங்க அப்பா கையில கால்குலேட்டரைக் கொடுத்து அவரையே போடச் சொல்லு. நீ சொன்னா வாதம் ஆகிடும், அவரே போட்டா அது கணக்கு.

அடுத்தது அனுப்புனவன் யாருன்றது. போன்ல மெயில் திறந்தா மேல பேங்க் பேரு பெருசா தெரியும். அந்தப் பேரு யாரு வேணும்னாலும் எதை வேணும்னாலும் வெச்சுக்கலாம், அது போர்டு மாதிரி. அதுக்குக் கீழ பொடி எழுத்துல டு மீன்னு இருக்கும் பாரு, பக்கத்துல ஒரு அம்புக்குறி. அதைத் தட்டினா நிஜ முகவரி வரும். பெரும்பாலும் ஜிமெயில் டாட் காம் தான். சில பேர் கொஞ்சம் வேலைக்காரனுங்க, பேங்க் பேரையே வெச்சு ஒரு முகவரி வாங்கியிருப்பான். அதனால முகவரியைப் பின்னாடியிலிருந்து படிக்கப் பழகிக்கோ. அட் குறிக்கு அப்புறம் கடைசியா என்ன இருக்குன்றது தான் முக்கியம். நடுவுல பேங்க், கவ், இந்தியான்னு ஆயிரம் வார்த்தை சொருகலாம், கடைசித் துண்டு தான் வீட்டுக்காரன் யாருன்னு சொல்லும். ரிப்ளை பட்டனையும் ஒரு தடவை தட்டிப் பாரு, அனுப்ப வேணாம், டு-ல எந்த முகவரி வந்து நிக்குதுன்னு மட்டும் பாரு. வந்தது ஒரு முகவரி, பதில் போறது இன்னொரு முகவரின்னா அங்கேயே விஷயம் முடிஞ்சுது.

எம்சி ரோடு அண்ணா, நீங்க நல்ல மனசோட தான் சொல்றீங்க. ஆனா நம்ம பக்கத்துல இந்த மோசடி இவ்வளவு சுலபமா நடக்கிறதுக்குக் காரணமே அந்த நினைப்பு தான்னு எனக்குத் தோணுது. நம்ம ஜனங்க தண்டல் வாங்கிப் பழகினவங்க. நானே முதல் ஜெராக்ஸ் மிஷினைத் தண்டல் வாங்கித் தான் எடுத்தேன். 10,000-னு எழுதிக்கினு 8,500 தான் கையில கொடுத்தார். தினம் 100 ரூபா, நூறு நாள். அதனால கடன்னாலே முன்னாடி கொஞ்சம் போகும்னு நமக்கு ரத்தத்துல ஊறிப் போச்சு. மெயில்ல ஒருத்தன் 6,300 கேட்டா, பிடிக்கிறான் போலன்னு தோணுது. ஆனா தண்டல்காரர் கொடுக்கிற பணத்துல இருந்து தானே பிடிச்சார்? முதல்ல நீ 1,500 எடுத்துக்கினு வா, அப்புறம் 10,000 தர்றேன்னு அவர் சொல்லியிருந்தா நான் வாசப்படி தாண்டியிருக்க மாட்டேன். அவ்வளவு வட்டி வாங்கின ஆள் கூட என் கையில இருந்து முன்பணம் கேட்கல. இதை அப்படியே உங்க அப்பா கிட்ட சொல்லு. அவரும் தண்டல் பார்த்தவராத் தான் இருப்பார்.

கடலோரக்காரன், காசிமேடு

அக்கா, நான் முழுசா சொல்லல. மன்னிச்சுடுங்க. நேத்து மத்தியானம் 2,150 ரூபா கட்டியாச்சு, பைல் சார்ஜுன்னு சொன்னாங்க. தடைக்கால நிவாரணம் 8,000 வந்துச்சு, அதுல இருந்து தான் எடுத்தோம். என் போன்ல இருந்து நான் தான் க்யூஆர் ஸ்கேன் பண்ணி அனுப்பினேன். ஆதார் ரெண்டு பக்கம், பான் கார்டு, பாஸ்புக் முதல் பக்கம் எல்லாம் வாட்ஸ்அப்ல போட்டோ எடுத்து அனுப்பிட்டேன்.

கணக்கை அப்பாவையே போடச் சொன்னேன். ரெண்டு தடவை போட்டார். ஒன்னும் பேசல, எழுந்து வெளிய போய் வலைப் பக்கத்துல குந்திக்கினு இருக்கார்.

ஜெராக்ஸ் அக்கா, பழைய வண்ணாரப்பேட்டை

சொன்னியே, அதுவே போதும். இப்பவே 1930-க்குப் போன் போடு. சைபர் குற்றத்துக்குன்னு நாடு முழுக்க இருக்கிற நம்பர். நேத்து மத்தியானம் அனுப்பின பணம், அந்தக் கணக்குல இருந்து வேற எங்கயும் நகராம இருந்தா தடுத்து நிறுத்த வாய்ப்பு இருக்கு, ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. போன் போடுறதுக்கு முன்னாடி கையில எடுத்து வெச்சுக்கோ: பணம் அனுப்பின ஆப்ல அந்த டிரான்ஸாக்ஷனைத் திறந்தா யூடிஆர்னு 12 இலக்க நம்பர் இருக்கும், அது, அனுப்பின நேரம், எந்த பேங்க் கணக்குல இருந்து போச்சு, யார் பேருக்குப் போச்சு. அவங்க கொடுக்கிற புகார் நம்பரை எழுதி வெச்சுக்கினு, சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்ல முழுசாப் பதிவு பண்ணு. அப்புறம் உன் பேங்க்குக்கும் சொல்லு.

கோவத்துல மெயிலையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிச்சுடாதே. அது தான் சாட்சி. அவன் கிட்ட சண்டையும் போடாதே, பதிலே சொல்லாதே.

ஏதாவது ஆப் இன்ஸ்டால் பண்ணச் சொல்லி ஏபிகே பைல் அனுப்பினானா? அதை மட்டும் உடனே சொல்லு.

கடலோரக்காரன், காசிமேடு

ஆப் எதுவும் அனுப்பல அக்கா. 1930 லைன்ல காத்திருக்கேன்.

பழைய பேங்க்காரர், பெரம்பூர்

முப்பத்திரண்டு வருடம் வங்கியில் இருந்தவன், அதில் ஒன்பது வருடம் கடன் பிரிவில். அந்தம்மா சொன்னது அத்தனையும் சரி. சில விஷயம் சேர்க்கிறேன்.

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்ததுமே எனக்குக் கண்ணில் பட்டது "சிசு" என்ற சொல். முத்ரா திட்டம் 2015 ஏப்ரல் 8-ல் தொடங்கியது. அதில் சிசு என்றால் 50,000 ரூபாய் வரை தான். அதற்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். தருண் கடனை ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு 20 லட்சம் வரை தருண் பிளஸ் என்று 2024-ல் கொண்டு வந்தார்கள். சிசுவில் 3 லட்சம் என்று ஒரு வங்கி மேலாளர் கையெழுத்துப் போடவே மாட்டார்.

அடுத்து, முத்ரா என்ற நிறுவனம் யாருக்கும் நேரடியாகக் கடன் கொடுப்பதில்லை. வங்கிகளும், நிதி நிறுவனங்களும், சிறு கடன் நிறுவனங்களும் தான் கொடுக்கும். ஏஜெண்ட் என்று யாரையும் வைக்கவில்லை. முத்ரா பெயரில் போலி அனுமதிக் கடிதம் சுற்றுவதை மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே பலமுறை மறுத்திருக்கிறது. 35 சதவீதம் மானியம் என்றும் சில மெயில்களில் போடுகிறார்கள். முத்ராவில் மானியம் கிடையாது. அந்த எண்ணை வேறொரு திட்டத்திலிருந்து, பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்திலிருந்து எடுத்து ஒட்டுகிறார்கள். அதிலும் 35 என்பது கிராமப்புறத்தில் சிறப்புப் பிரிவினருக்கு மட்டும்.

எம்சி ரோடு நண்பர் சொன்னதில் ஒரு உண்மை உண்டு. வீட்டுக் கடனுக்குப் பல இடங்களில் முன்கூட்டியே ஒரு தொகை வாங்குகிறார்கள். ஆனால் அது வங்கியின் பெயரிலுள்ள கணக்குக்குப் போகும், ரசீது வரும், கடன் மறுக்கப்பட்டால் அது திரும்ப வராது என்றும் முன்னாலேயே சொல்வார்கள். சிறு கடன்களில் கட்டணம் இருந்தால் கொடுக்கும் தொகையில் கழித்துக்கொள்வது தான் வழக்கம். சிசு கடனுக்குப் பெரும்பாலான வங்கிகள் அந்தக் கட்டணமும் வாங்குவதில்லை. "திரும்ப வந்துவிடும் கட்டணம்" என்ற ஒன்றை என் பணிக் காலம் முழுக்க நான் பார்த்ததில்லை. திருப்பித் தரப் போகிறதை எதற்கு வாங்க வேண்டும்?

தம்பியிடம் ஒரு கேள்வி: க்யூஆர் ஸ்கேன் செய்ததும் திரையில் யார் பெயர் வந்தது? பணம் போய்ச் சேரும் கணக்கில் வங்கி பதிந்து வைத்திருக்கும் பெயரையே காட்ட வேண்டும் என்று 2025-லிருந்து விதி. மெயிலில் அரசு வங்கி, திரையில் ஒரு தனி ஆளின் பெயர் என்றால், அந்த நொடியே நிறுத்தியிருக்க வேண்டும். அடுத்தவருக்காவது பயன்படட்டும் என்று சொல்கிறேன்.

வங்கியின் இணையதளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. அந்த முகவரியை வங்கிகளுக்கு மட்டும் தான் கொடுப்பார்கள். எனவே மெயிலில் உள்ள இணைப்பை அழுத்தாமல், நீங்களே தட்டச்சு செய்து போங்கள். அந்தம்மா சொன்ன மாதிரி கடைசியிலிருந்து படியுங்கள். பேங்க் டாட் இன் என்பதற்குப் பின்னால் இன்னும் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அது வங்கி இல்லை.

"சிபில் தேவையில்லை" என்பதும் எச்சரிக்கை மணி தான். கடன் கொடுப்பவனுக்குத் திரும்ப வருமா என்ற கவலை இருக்கும். வீடு பார்க்க வருவான், வருமானம் கேட்பான், ஏன் எதற்கு என்று துருவுவான். உங்கள் அப்பாவிடம் படகு யாருடையது, இன்ஜின் எத்தனை வருடம் பழசு, பதிவுப் புத்தகம் இருக்கிறதா என்று அந்த ஆள் ஒரு கேள்வியாவது கேட்டானா? கேட்டிருக்க மாட்டான்.

எம்சி ரோடு ஜவுளி

சார், அக்கா, நான் சொன்னது தப்பு. வீட்டு லோனையும் இதையும் ஒன்னா நினைச்சுட்டேன். தம்பி, நான் சொன்னதைக் கேட்டு நீ கட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சாலே என்னவோ போல இருக்கு. என் ரசீதை இப்போ எடுத்துப் பார்த்தேன், பேங்க் பேரு தான் இருக்கு.

மூலக்கடை மெக்கானிக்

தம்பிக்கு அடுத்து என்ன வரும்னு நான் சொல்றேன், ஏன்னா எனக்கு வந்துச்சு. போன வருஷம் இதே மாதிரி 11,000 விட்டேன். புகார் கொடுத்து ஒரு மாசம் இருக்கும், இன்னொரு மெயில். "மோசடியில் இழந்த உங்கள் பணம் மீட்கப்பட்டுள்ளது, ரிசர்வ் வங்கி மூலம் திருப்பித் தரப்படும், சரிபார்ப்புக் கட்டணம் 1,500". நான் இழந்த தொகையைப் பைசா சுத்தமா போட்டிருந்தான். அதைப் பார்த்ததும் நம்பிட்டேன், அவங்களுக்கு எப்படித் தெரியும்னு. தெரியாம என்ன, வாங்கினவனே அவன் தானே. என் சம்சாரம் தான் போனைப் பிடுங்கி வெச்சா.

ரிசர்வ் வங்கி தனி ஆள் யாருக்கும் மெயில் போட்டுப் பணம் தர்றேன்னோ, கணக்கு விவரம் கொடுன்னோ கேட்காது. யாருக்காவது அப்படி வந்தா அது பொய் தான், யோசிக்கவே வேணாம்.

இன்னொரு விஷயம். என்கிட்ட அவன் கேட்டது, லோன் வராட்டா பரவாயில்ல, உங்க பேங்க் அக்கவுண்ட்டை ஒரு மாசம் எங்களுக்குக் கொடுங்க, கமிஷன் தர்றோம்னு. நல்ல வேளை கொடுக்கல. கொடுத்திருந்தா அடுத்தவங்க ஏமாந்த பணம் என் கணக்கு வழியா போயிருக்கும், போலீஸ் என் வீட்டுக்கு வந்திருக்கும்.

கடலோரக்காரன், காசிமேடு

1930-ல பேசிட்டேன். நிதானமா கேட்டாங்க, புகார் நம்பர் மெசேஜ் வந்துச்சு. வெப்சைட்லயும் போட்டாச்சு. பேங்க்லயும் எழுதிக் கொடுத்துட்டேன். பணம் வருமா வராதான்னு இப்போ சொல்ல முடியாதுன்னாங்க.

பேங்க்கார சார், நீங்க கேட்டது சரி. ஸ்கேன் பண்ணப்போ ஏதோ ஒரு டிரேடர்ஸ்னு வந்துச்சு. நான் பார்த்தேன். பார்த்தும் அனுப்பினேன். அப்பா பக்கத்துல நின்னு சீக்கிரம் சீக்கிரம்னு சொல்லிக்கினே இருந்தார், வாட்ஸ்அப்ல அவனும் லைன்ல இருந்தான். படகைப் பத்தி ஒரு கேள்வி கூட அவன் கேட்கல சார்.

5 மணிக்கு மேல ஏழு மிஸ்டு கால்.

ஆதார், பான் எல்லாம் அவன் கிட்ட போயிடுச்சே, அதுக்கு என்ன பண்றது? அப்பா பேர்ல அவன் லோன் எடுத்துடுவானா?

பழைய பேங்க்காரர், பெரம்பூர்

எடுக்க முயற்சி செய்யலாம். அதற்கு ரெண்டு வேலை. ஆதார் இணையதளத்திலோ ஆதார் செயலியிலோ கைரேகை, கருவிழிப் பதிவைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது, இன்றே பூட்டுங்கள். தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். இனிமேல் எங்கே கொடுத்தாலும் முதல் எட்டு எண் மறைத்த ஆதாரைக் கொடுங்கள்.

இரண்டாவது, கடன் அறிக்கை. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனம். ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் ஒரே நாளில் எடுத்துவிடாதீர்கள். இந்த மாதம் ஒன்று, இரண்டு மாதம் கழித்து இன்னொன்று என்று எடுத்தால் வருடம் முழுக்க ஒரு கண் இருக்கும். நீங்கள் வாங்காத கடன் அதில் தெரிந்தால் அங்கேயே ஆட்சேபம் பதிவு செய்யலாம்.

படகுக்கு நிஜமாகக் கடன் வேண்டுமென்றால், அப்பாவுக்குக் கணக்கு இருக்கும் கிளைக்கு நேரில் போங்கள். கிஷோரில் கேட்கலாம். மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலும் விசாரியுங்கள். டீசல், ஐஸ் மாதிரி நடைமுறைச் செலவுக்குக் கிசான் கடன் அட்டையை 2018-19-லிருந்தே மீனவர்களுக்கும் தருகிறார்கள். தாமதமாகும், அலைய விடுவார்கள், நான் மறைக்கவில்லை. கொடுக்கும்போது மொத்த வட்டி, கட்டணம் எல்லாம் ஒரே தாளில் இருக்கும் முக்கிய விவர அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அதைக் கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை.

ஜெராக்ஸ் அக்கா, பழைய வண்ணாரப்பேட்டை

தம்பி, அந்த ஆதார் பூட்டுற வேலைக்கு ஓடிபி வரணும், அப்பா நம்பர் ஆதாரோட இணைச்சிருக்கான்னு பாரு. தெரியலன்னா கடைக்கு வா, நான் பண்ணித் தர்றேன். அப்பாவையும் இட்டுக்கினு வா. நீ மட்டும் வராதே, அவர் வரணும். உன் மேல கோவப்படாம, அவர் மேலயும் கோவப்படாம அவர் கிட்ட நாலு வார்த்தை பேசணும் எனக்கு. 2,150 போச்சு, 6,300 நிக்குது. நிவாரணத்துல மீதி இன்னும் வீட்டுல இருக்கு. நீ இங்க வந்து கேட்டதால தான் இருக்கு.

வரும்போது அந்த மெயிலையும் பிரிண்ட் போடணும், போலீஸ்ல தாளாக் கேட்பாங்க. காசு வேணாம். என்கிட்ட இருக்கிற ரெண்டு லெட்டரோட சேர்த்து வெச்சுப் பார்க்கலாம்.

கடலோரக்காரன், காசிமேடு

இப்பவே பெருசு பண்ணிப் பார்த்துட்டேன் அக்கா. மூணு மணி இருக்கிற இடத்துல அழிஞ்சிருக்கு. அப்பாவுக்கும் காட்டினேன், போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கினு இருந்தார்.

நாளைக்கு ரெண்டு பேரும் வர்றோம். காலைல பத்து மணிக்கெல்லாம் கடை திறந்திருக்குமா?